அண்ணனைக் கேளுங்க: குவாதலூப்புக்கு ஒரு எட்டு

போன இதழ்ல ஒரு வாசகர், "நீங்க போனதுலயே ரொம்ப தூரமான ஊரு எதுண்ணே"ன்னு கேட்டிருந்தாரு. கரீபியன் கடல்ல குவாதலூப்னு ஒரு தீவு இருக்கு, பிரான்சுக்குச் சொந்தமானது, அங்க போயி நம்ம மதுரை வீரனைக் கும்பிட்டுட்டு வந்தேன்னு ரெண்டே வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்சப்பும் தாங்க முடியல. சரி, இந்த வாரம் முழுக்க அந்தத் தீவுதான். ரேஷன் கார்டு, பட்டா மாறுதல் கேட்டவங்கள்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கோவிச்சுக்காம பொறுத்துக்கங்க.

அண்ணே, என் வீட்டுக்காரர் பிரான்சுல வேலை பாக்குறாரு. எனக்கு ஷெங்கன் விசா கையில இருக்கு. டிசம்பர்ல ரெண்டு பேரும் குவாதலூப் போலாம்னு இருக்கோம், அந்த விசா போதுமா?
— திருமங்கலம் வாசகி

போதாதும்மா. நல்லவேளை கேட்ட, நானே இதுல மாட்டி முழிச்சவன்.

குவாதலூப் 1946ல இருந்து பிரான்சோட ஒரு மாவட்டம் மாதிரி. காசு யூரோ, போலீஸ் பிரெஞ்சு போலீஸ், அங்க இருக்கவங்க பிரான்ஸ் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவாங்க. அதனால பிரான்ஸ் விசா இருந்தா அங்கயும் செல்லும்னுதான் யாரும் நெனப்போம். ஆனா அந்தத் தீவு ஷெங்கன் கணக்குல, அதாவது ஒரே விசால பல ஐரோப்பா நாட்டுக்குப் போற ஏற்பாட்டுல, வராது. விசாவுக்கு அப்ளை பண்ணும்போதே குவாதலூப் போறேன்னு சொல்லி, அதுக்குச் செல்லுற விசாவா வாங்கணும். பாரீஸ்ல எறங்கி ஊருக்குள்ள போயிட்டு அங்கிட்டுப் போறதுன்னா ஷெங்கனும் வேணும், அதுவும் ஒருக்கா மட்டும் நுழையுற விசா வேலைக்காகாது. ஏன்னா தீவுக்குப் போயிட்டு திரும்ப பாரீசுக்கு வர்றப்ப ரெண்டாவது தடவை நுழையுற கணக்காயிரும்.

எனக்கு விசா போட்டுக் குடுத்த ஏஜென்ட் (பேரு வேணாம், பாவம், இப்பவும் பாத்தா டீ வாங்கிக் குடுப்பாரு) "பிரான்சுதானே சார், எல்லாம் ஒண்ணுதான்"னுட்டாரு. பாரீஸ்ல போர்டிங் கவுன்டர்ல நின்ன பொண்ணு என் பாஸ்போர்ட்டைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டு ஓரமா நிக்கச் சொல்லிருச்சு, நானும் ஓரமா நின்னேன், பிளைட்டு போயிருச்சு. பெறகு மறுபடி பேப்பர் எல்லாம் குடுத்து ரெண்டாவது தடவை கெளம்புனதுக்குள்ள எனக்கு டிக்கெட் போட்ட தங்கச்சி மகனோட லீவுல பாதி முடிஞ்சுபோச்சு.

உன் வீட்டுக்காரர்கிட்ட பிரான்ஸ் குடியிருப்பு கார்டு இருந்தா அவருக்கு வழக்கமா தனி விசா கேக்கறதில்ல. உனக்குத்தான் வேணும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி பிரான்சோட விசா தளத்துல ஒருக்கா பாத்துரும்மா.

எந்த மாசம் போறது நல்லது?
— செல்லூர் வாசகர்

டிசம்பர் கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும். ஜூன்ல இருந்து நவம்பர் புயல் சீசன், 1989 செப்டம்பர்ல ஹியூகோனு ஒரு புயல் அடிச்ச அடிய இன்னும் கத கதயாச் சொல்றாங்க. பிப்ரவரி, மார்ச்ல கார்னிவல் இருக்கும், ரூம் கெடைக்காது, ஆனா பாக்கணும்.

மதுரை வீரன் அங்க எப்பிடிண்ணே போனாரு? சும்மா அடிச்சு விடுறீங்களா?
— மேலூர் தம்பி

அடிச்சு விட எனக்கென்ன கூலியா குடுக்குறாங்க.

தம்பி, 1848ல பிரான்சு தன் காலனில எல்லாம் அடிமை முறைய ஒழிச்சுச்சு. ஒழிச்ச உடனே கரும்புத் தோட்டக்காரனுக்கு ஆள் பத்தல, விடுதலையானவங்க மறுபடி அதே வயல்ல அவன் குடுக்குற கூலிக்கு நிக்க வருவாங்களா? ஒடனே பாண்டிச்சேரி, காரைக்கால்ல ஆள் புடிக்க ஆரம்பிச்சான். அஞ்சு வருச ஒப்பந்தம், கைநாட்டு, கப்பல். 1854 டிசம்பர் 24ந்தேதி ஓரெலினு ஒரு கப்பல் புவான்தாபீத்ர் துறைமுகத்துல போயி நின்னுச்சு, அதுதான் மொத கப்பல். அந்தக் கப்பலே அதுக்கு முந்துன வருசம் பக்கத்துல இருக்க மார்த்தினீக் தீவுக்கு ஆள் எறக்குன கப்பல்தான். ஆப்பிரிக்காவோட தெக்கு முனைய சுத்திக்கிட்டு மூணு மாசம் போல கடல்லயே. இப்பிடி 1880கள் கடைசி வரைக்கும் குவாதலூப்புக்கு மட்டும் 42 ஆயிரம் பேருக்குப் பக்கம் போயிருக்காங்க, திரும்பி வந்தவங்க பத்தாயிரத்துக்கும் கொறவு. மிச்சப் பேருல ரொம்பப் பேரு அங்கயே செத்தாங்க. பொழச்சுக் கெடந்தவங்க சாமியக் கொண்டு வந்துட்டாங்க.

அங்க மாரியம்மாவுக்கு மாலியெமேன்னு பேரு. மதுரை வீரனுக்கு மால்தெவிலேன், மார்த்தினீக்ல மால்தெவிதான். மொதல்ல கேட்டப்ப எனக்கும் ஒண்ணும் புரியல, ஏதோ பிரெஞ்சுக்கார சாமின்னு நெனச்சேன். உள்ள போயிப் பாத்தா குதிர, மீச, கையில அருவா. கீழக் கோபுரத்து வாசல்ல இருக்குற ஆளேதான்! நாட்டார் சாமிகளை ஆராய்ச்சி பண்ணவங்களும் அந்தப் பேரு மதுரை வீரன்ல இருந்து வந்ததுன்னுதான் எழுதியிருக்காங்க.

கபெஸ்தேர்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்துல ஷான்ஷின்னு எடம், ரோட்டோரமாவே கலர் கலரா கோயில். நாங்க போன அன்னிக்கு யாரோ ஒருத்தர் வேண்டுதல். காலைல எட்டு மணிக்கெல்லாம் கோயில் பின்னாடி காஞ்ச எலய போட்டுக் கொளுத்தி நாலு பேரு தப்பு மேளத்தக் காய்ச்சிக்கிட்டு இருக்காங்க. தோல காட்டுறது, வெரலால ஒரு தட்டு தட்டி காது கிட்ட வச்சுக் கேக்குறது, பத்தலன்னு மறுபடி தீயில காட்டுறது. நான் பாண்டி கோயில்ல எத்தன தடவ பாத்திருப்பேன் இத, அதே கை அதே தலையாட்டல், ஆனா பேசிக்கிறது மட்டும் கிரியோல், அந்த ஊரு பிரெஞ்சுக் கலப்பு மொழி. அந்தத் தப்புக்கு அவங்க சொல்ற பேரும் தப்புதான், கொஞ்சம் இழுத்து 'தப்பூ'ன்னு சொல்றாங்க. பூசாரிக்கு பூசாலி. கெடா வெட்டும் உண்டு, ஒரே வெட்டு. வெட்டி முடிச்சு சமைச்சு வாழ எலைல போட்டாங்க. நான் கைய நீட்டி எலைல தண்ணி தெளிச்சதப் பாத்துட்டு எதிர்ல இருந்த பெரியவரு சிரிச்சாரு, அவரும் தெளிச்சாரு. அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச ஒரு மொழியும் இல்ல.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தமிழே பேசத் தெரியாதவர்களைத் தமிழர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது வெறும் உணர்ச்சிவசப்படல் இல்லையா?
— அண்ணாநகர் வாசகர்

ஐயா, உங்க கிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல, ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். நம்ம ஆளுக அங்க டூர் போனா மொத வேலயா ஒரு பரீட்சை வைக்கிறாங்க, "தமிழ் தெரியுமா? உங்க பேருக்கு அர்த்தம் தெரியுமா? ஊரு எது? என்ன ஆளுக?"ன்னு. நானும் வச்சேன், எனக்கு இப்பவும் நெனச்சா கூச்சமா இருக்கு. ஒரு மருந்துக் கடைல மாத்திர வாங்கப் போனேன், அந்தம்மா சட்டைல குத்தியிருந்த பேரு ராமசாமி. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சு "நீங்க தமிழா"ன்னேன் இங்கிலீஷ்ல. அந்தம்மா ரொம்ப பொறுமையா "நான் குவாதலூப்"னு சொல்லிட்டு மாத்திரய எடுத்துக் குடுத்துச்சு. சரிதானே? அந்தம்மாவோட பாட்டனுக்குப் பாட்டன் கப்பல் ஏறுனவரா இருப்பாரு, பதிவுக் குமாஸ்தா அவரு பேர எப்பிடி எழுதுனானோ அதுதான் இன்னிக்கு வரைக்கும் வீட்டுப் பேரு. முத்துசாமி மூத்துசாமி ஆயிட்டாரு, சிதம்பரம் சிதாம்பரோம் ஆயிட்டாரு. அவங்க அந்தப் பேர மாத்தாம வச்சிருக்கதே பெரிய விசயம்.

அந்த சிதாம்பரோம் பேருல ஒருத்தரப் பத்திச் சொல்லணும். ஆன்றி சிதாம்பரோம், 1863ல அந்தக் கபெஸ்தேர்ல பொறந்தவரு. அந்தத் தீவுல பொறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இல்ல, ஓட்டு இல்லன்னு அரசாங்கம் சொன்னப்ப, 1904ல கேஸ் போட்டாரு. கேஸ் எப்ப முடிஞ்சது தெரியுமா, 1923ல. 19 வருசம் விடாம நின்னு செயிச்சாரு. அப்பறம் ஏர்னெஸ்த் மூத்துசாமின்னு ஒருத்தரு 1981ல இருந்து இருபது வருசத்துக்கு மேல பாரீஸ் நாடாளுமன்றத்துல குவாதலூப் உறுப்பினரா இருந்தாரு. இவங்கள்லாம் தமிழ்ல பேசியா இதச் சாதிச்சாங்க? பிரெஞ்சுல பேசித்தான் சாதிச்சாங்க.

மொழி சுத்தமா போயிருச்சுன்னும் சொல்ல முடியாது ஐயா. மஞ்சளுக்கு அங்க மாந்ஜா. பாகற்காய்க்கு பரோக்கா. சாமி முன்னாடி பாடுறவரு தமிழ்லதான் பாடுறாரு, அர்த்தம் அவருக்கும் முழுசாத் தெரியாது, கேக்குற நமக்கும் பாதிதான் புடிபடும், காதால கேட்டு காதால கேட்டு அஞ்சாறு தலமொறயா வந்த பாட்டு. வாத்தியார்ங்கிற சொல்லு கூட வத்தியாலுன்னு பாட்டுக்காரருக்கு நிக்குது. ராத்திரி முழுக்க நம்ம தெருக்கூத்து மாதிரி ஒண்ணு ஆடுவாங்க, அதுக்கு நாத்ரோம், நாடகம்தான். நீங்க வாத்தியாரு, பேப்பர்ல தப்பத் திருத்துறது உங்க வேல, அதுக்காக இதத் திருத்தப் போயிராதீங்க.

அங்க சாப்பாடு எப்பிடி? நமக்கு ரொட்டி தின்னு காலம் தள்ள முடியாதுப்பா.
— உசிலம்பட்டி வாசகர்

மாமா, உங்களுக்குன்னே செஞ்சு வச்ச ஊரு. அவங்க வீட்டு விருந்துச் சாப்பாடே கொலம்போதான். ஆட்டுக்கறி இல்லாட்டி கோழி, மல்லி சீரகம் கடுகு வெந்தயம் மஞ்சள் போட்ட பொடி, கூட சோறு. பேரு எங்கருந்து வந்துச்சுங்கிறதுல சண்ட இருக்கு, கொழும்பு ஊரு பேருங்கிறாங்க சிலபேரு, நம்ம குழம்புதான் வாய் மாறிப்போச்சுங்கிறாங்க சிலபேரு. நான் எந்தக் கட்சின்னு உங்களுக்கே தெரியும். காரம் கொழம்புல இருக்காது, ஒரு முழு மொளகாய மேல மெதக்க விட்டு வேகவச்சு, ஒடயாம எடுத்துருவாங்க. குண்டா, சுருங்கி, பாக்க சாதுவா இருக்கும். நான் மதுரக்காரன் எனக்கென்னன்னு அதக் கடிச்சேன். அரை மணி நேரம் பேசல.

ரோட்டுக் கடைல போக்கிட் கெடைக்கும், பூரி மாவ தடியா எண்ணெய்ல பொரிச்சு நடுவுல கீறி கோழியோ மீனோ வைப்பாங்க. ஆக்ரானு கருவாட்டு மீன் போண்டா, நிறுத்த முடியாது. கடக்கரைல அம்மாக்க மரச் சட்டிய கையால சுத்திக்கிட்டே தேங்காய்ப்பால் ஐஸ் விப்பாங்க, சுத்துற சத்தம் கேட்டே ஆளுக வந்துருவாங்க. சரக்கு பத்தி நீங்க கேக்கல, ஆனா கேக்கத்தான் வந்தீங்கன்னு தெரியும்: கரும்புச் சாற நேரடியா நொதிக்க வச்சுக் காய்ச்சுற ரம், மத்த ஊர் ரம் மாதிரி வெல்லப்பாகுல இல்ல. ரெண்டு சொட்டு எலுமிச்ச, கொஞ்சம் சக்கர. சின்ன கிளாஸ்தானேன்னு ஏமாந்துராதீங்க, அத்தை கிட்ட நான் சொல்ல மாட்டேன்.

எந்த பீச் நல்லா இருக்கும், புள்ளைகளோட போறோம்.
— வாடிப்பட்டி வாசகி

தீவு பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு றெக்க. கெழக்கு றெக்க கிராந்த்தேர், தட்ட நெலம், சுண்ணாம்புக் கல்லு, வெள்ள மணலு. சேந்த்ஆன் பக்கம் தண்ணி முட்டளவுதான், புள்ளைகளுக்கு அதுதான் சரி. மேக்கு றெக்க பாஸ்தேர், மலையும் காடும், மாலாந்தூர்ல கருப்பு மணலு, கண்ணாடி போட்டுக்கிட்டு தலைய முக்குனா மீனு. இதுல ஒரு வேடிக்க என்னன்னா கிராந்த்தேர்னா பெரிய நெலம்னு அர்த்தம், பாஸ்தேர்னா பள்ள நெலம். ஆனா பெரிய நெலம்தான் ரெண்டுல சின்னது, பள்ள நெலத்துலதான் மலையே இருக்கு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கம்மா. கடக்கரைல மான்சினில்னு ஒரு மரம், குட்டி ஆப்பிள் மாதிரி பச்சக் காய் கீழ கொட்டிக் கெடக்கும், மணம் வேற. விஷம். பால் பட்டா தோலு பொத்துரும், மழைக்கு அதுக்கு அடில ஒதுங்கக் கூட கூடாது. மரத்துல செவப்புப் பட்டை அடிச்சிருப்பாங்க, எல்லா மரத்துலயும் அடிச்சிருக்கும்னு சொல்ல முடியாது. புள்ளைகள கீழ கெடக்குற எதையும் எடுக்க விடாத. சில மாசம் அட்லான்டிக் பக்கக் கரைல சர்காசம்னு பாசி மலை மாதிரி ஒதுங்கி அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும், அப்ப மேக்குப் பக்கம் போயிருங்க.

எரிமலை இருக்காமே, முழங்கால் வலி உள்ளவன் ஏறலாமா?
— சோழவந்தான் வாசகர்

சூஃப்ரியேர், 1,467 மீட்டர், இன்னும் உசுரோட இருக்குற எரிமலை. 1976ல பொகையக் கக்குனப்ப 70 ஆயிரம் பேருக்கு மேல ஊரக் காலி பண்ண வச்சிருக்காங்க. மேல ஏற ஒண்ணரை ரெண்டு மணி நேரம், வழுக்கும், மேல போனா மேகத்துக்குள்ள ஒண்ணும் தெரியாது, கந்தக நாத்தம் மட்டும் தெரியும். உங்க முழங்காலுக்கு நான் சொல்றது: அடிவாரத்துல வெந்நீர் ஊத்துத் தொட்டி ஒண்ணு இருக்கு, அதுல கால நீட்டி உக்காந்துருங்க, வீட்டுல உள்ளவங்க ஏறிட்டு வரட்டும். கபெஸ்தேர் பக்கம் கார்பே அருவிக்கு நடக்கலாம், ரெண்டாவது அருவி 110 மீட்டர் ஒசரம்.

செலவு எவ்வளவு ஆகும்ணே? பஸ்ஸு கிஸ்ஸு உண்டா?
— ஆரப்பாளையம் வாசகர்

ஆகும். பாரீஸ்ல இருந்தே எட்டரை ஒம்போது மணி நேரம் பறக்கணும், அதுக்கு முன்னாடி மதுரைல இருந்து சென்ன, சென்னைல இருந்து எங்கயாவது மாறி பாரீஸ். சாப்பாட்டுச் சாமானெல்லாம் பிரான்சுல இருந்து கப்பல்ல வர்றதால 2022 கணக்குப்படி பிரான்ச விட 42 சதவீதம் ஒசத்தி. இந்த வெலவாசிய எதுத்து 2009ல 44 நாளு கட அடைப்பு, பெட்ரோல் பங்க் கூட தொறக்கல. பஸ்ஸு இருக்கு, ஞாயித்துக்கெழம அத நம்பி நின்னீங்கன்னா நின்னுகிட்டே இருக்க வேண்டியதுதான். கார் வாடகைக்கு எடுங்க, வலது பக்கம் ஓட்டணும், இன்டர்நேஷனல் லைசென்ஸ் இங்கயே ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டுக்கங்க. கடைக்குள்ள நுழைஞ்ச ஒடனே என்ன வெலன்னு ஆரம்பிக்காதீங்க, மொதல்ல போன்ழூர்னு வணக்கம் சொல்லணும். சொல்லலன்னா அந்தக் கடைல உங்களுக்கு அன்னிக்கு வேல நடக்காது.

இதெல்லாம் காசு உள்ளவங்களுக்கு எழுதுறது. எங்கள மாதிரி ஆளுக என்ன பண்றது?
— பேர் போடாத வாசகர், அலங்காநல்லூர்

நெசந்தான். நானே தங்கச்சி மகன் டிக்கெட் போட்டதாலதான் போனேன்.

நீங்க காரைக்கால் போங்க. பாண்டிச்சேரி மாதிரியே அந்தக் கப்பலுக்கு ஆள் ஏத்துன கரை அது. அங்கருந்து கூப்புடு தூரத்துல நாகூர். குவாதலூப் கோயில்ல மாரியம்மாவுக்குப் படையல் போடுறதுக்கு முன்னாடி நெட்டுக்குத்தா ஒரு கம்பம் நட்டு கொடி ஏத்துறாங்க. யாருக்குன்னு கேட்டேன், நகூர்மிராவுக்குன்னாங்க. நாகூர் ஆண்டவர்தான். கடல்ல காப்பாத்திக் கொண்டு வந்து சேத்தவருன்னு இந்துக் கோயில்ல அவருக்கு மொத மரியாத. அந்தக் கொடியப் பாக்க நீங்க கடல் தாண்ட வேண்டியதில்ல.

அங்கருந்து என்ன வாங்கிட்டு வந்தீங்க?
— கூடல்நகர் வாசகி

கொலம்போ பொடி ஒரு பாக்கெட். ஊருக்கு வந்ததும் கீழமாசி வீதில நான் வழக்கமா மசாலா சாமான் வாங்குற கடைல கொண்டு போயி, ஒண்ணும் சொல்லாம கல்லாவுல இருந்தவரு கைல கொஞ்சம் கொட்டுனேன். மோந்தாரு. நாக்குல வச்சாரு. "அண்ணே, யாரு வீட்டுப் பொடி இது? கை பழகுன கைதான், மல்லியெல்லாம் சரியா வறுத்திருக்காங்க, ஆனா வத்தல் போட மறந்துட்டாங்க"ன்னாரு.

170 வருசத்துக்கு முன்னாடி கெளம்புனவங்க வீட்டுப் பொடின்னேன். நம்பல. கா கிலோ வத்தல் எடை போட்டுக் குடுத்து, போயி அரச்சு இதோட கலந்துக்கங்கன்னுட்டாரு.